தாமாரின் அம்மா

1973-ஆம் ஆண்டுக் கோடையில் கலிஃபோர்னியாவில் எடுக்கப்பட்ட ஒரு புகைப்படம் உண்டு. சீசர் சாவேஸ் தலைமையில் பண்ணைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த நேரம். மடக்கு இருக்கையில் தொப்பி போட்ட ஒரு மூதாட்டி உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முன்னால் இடுப்பில் துப்பாக்கி தொங்க இரண்டு போலீஸ்காரர்கள். அந்த இரண்டு பேருக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான் அவர் முகம் நமக்குத் தெரிகிறது. முகத்தில் பயமும் இல்லை, வீராப்பும் இல்லை. படமெடுத்தவர் பாப் ஃபிட்ச். அந்த மூதாட்டி டோரத்தி டே. அப்போது வயது 75. அந்தப் போராட்டத்திற்காகச் சிறைக்கும் போனார்.

கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கியவர், பத்திரிகையாளர், போர் எதிர்ப்பாளர் என்று இரண்டு வரியில் அவரை அறிமுகப்படுத்துவார்கள். அந்தப் படம் எடுக்கப்பட்டபோது அவர் ஒரு பெண்ணுக்கு அம்மா, ஒன்பது பேருக்குப் பாட்டி என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. நான் வேலை செய்யும் ஊர்களில் கூட்டம் முடிந்ததும் பெண் தோழர்கள் கேட்கும் முதல் கேள்வி கொள்கையைப் பற்றியதாக இருப்பதில்லை. "புள்ளைய யாருகிட்ட விட்டுட்டு வர்றது?" என்பதுதான் அந்தக் கேள்வி. நாம் எழுதும் போராட்ட வரலாறுகளில் இந்தக் கேள்விக்கு அரைப் பக்கம்கூட இருக்காது. டோரத்தியின் வாழ்க்கையில் இந்தக் கேள்வி கடைசிவரை இருந்தது. அதனால் அவருடைய கதையை அவர் மகளின் பக்கத்திலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

டோரத்தி பிறந்தது 1897 நவம்பர் 8, நியூயார்க் நகரின் புரூக்ளினில். அப்பா பத்திரிகைக்காரர். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நியூயார்க்குக்கு வந்து சோசலிசப் பத்திரிகைகளில் எழுத ஆரம்பித்தார். 1917-இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு வெள்ளை மாளிகை முன்னால் நின்று கைதாகி, சிறையில் மற்றப் பெண்களோடு சேர்ந்து உண்ணாவிரதம் இருந்தார். அப்போது வயது இருபது. அடுத்த சில வருடங்கள் அலைச்சல். ஒரு காதல், அந்தக் காதலனுக்காகச் செய்துகொண்ட கருக்கலைப்பு, பிறகு அவன் விட்டுப்போனது. இதையெல்லாம் கருவாக வைத்து 1924-இல் ஒரு நாவல் எழுதினார். அதன் திரைப்பட உரிமையை விற்ற பணத்தில் ஸ்டேட்டன் தீவின் கடற்கரையோரம் ஒரு சின்ன வீடு வாங்கினார். பிற்காலத்தில் அந்த நாவலின் பிரதிகளே இல்லாமல் போனால் நல்லது என்றுதான் நினைத்தார். ஆனால் மகள் பிறந்தது அந்த நாவல் வாங்கித் தந்த வீட்டில் குடியிருந்த காலத்தில்தான்.

அந்த வீட்டில் டோரத்தியோடு வாழ்ந்தவர் ஃபார்ஸ்டர் பேட்டர்ஹாம். உயிரியலில் ஈடுபாடு கொண்டவர், அரசையும் மதத்தையும் திருமணத்தையும் ஏற்காதவர். கருக்கலைப்புக்குப் பிறகு தனக்கு இனிக் குழந்தையே பிறக்காது என்று டோரத்தி பயந்திருந்தார். 1926 மார்ச்சில் பெண் குழந்தை பிறந்தது. தாமார் தெரசா என்று பெயர் வைத்தார்கள். பிரசவத்தைப் பற்றி டோரத்தி எழுதிய கட்டுரை ஓர் இடதுசாரிப் பத்திரிகையில் வெளிவந்து, பல தொழிலாளர் பத்திரிகைகளில் மறுபதிப்பானது. பிள்ளை பெறுவதைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம் ஆண்களாகவே இருக்கிறார்களே என்ற எரிச்சலும் அதை எழுத ஒரு காரணம்.

குழந்தை பிறந்த பிறகு ஒரு சிக்கல் வந்தது. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று டோரத்திக்குத் தோன்றியது. ஏன் என்று நண்பர்களுக்குப் புரியவில்லை. முதலாளிகளின் பக்கம் நிற்கும் நிறுவனம் என்று அவர்கள் திருச்சபையை வெறுத்தார்கள். டோரத்தியும் அதை மறுக்கவில்லை. ஆனால் நியூயார்க்கின் துறைமுகத் தொழிலாளர்களும், ஐரிஷ், இத்தாலிய, போலந்து குடியேறிகளும் காலைப் பூசைக்குப் போய்விட்டு வேலைக்குப் போவதை அவர் பார்த்திருந்தார். ஏழைகள் நிற்கும் இடத்தில் தன் குழந்தையும் நிற்கட்டும் என்பதே அவர் கணக்கு. தெருவில் போய்க்கொண்டிருந்த ஒரு கன்னியாஸ்திரியை நிறுத்தித்தான் அவர் வழி கேட்டார். அவர் பெயர் சகோதரி அலோய்சியா. ஓய்வுபெற்ற ஆசிரியை. வாரந்தோறும் வீட்டுக்கு வந்து ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்யச் சொல்லி, இந்தப் புரட்சிக்காரியைப் பள்ளிப் பிள்ளையைப் போல ஒப்புவிக்க வைத்தார். 1927 ஜூலையில் குழந்தைக்கு ஞானஸ்நானம். அந்த ஆகஸ்டில் சாக்கோ, வான்செட்டி இருவரும் தூக்குமேடைக்குப் பதிலாக மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார்கள். ஃபார்ஸ்டர் அதில் உடைந்துபோனார். டிசம்பர் கடைசியில் டோரத்தியும் ஞானஸ்நானம் பெற்றார், ஃபார்ஸ்டரோடு வாழ்ந்த வாழ்க்கை முடிந்தது. மதம் மாறினால் சலுகை கிடைக்கும் என்று மாறுவதாக நம்மூரில் கேலி பேசுகிறவர்கள் உண்டு. டோரத்திக்குக் கிடைத்த சலுகை, பிடித்த மனிதரை இழந்து இருபத்தொரு மாதக் குழந்தையோடு தனியாக நின்றதுதான்.

பிறகு ஐந்து வருடங்கள் எழுதிப் பிழைத்தார். 1932 டிசம்பரில் வேலையில்லாதோர் வாஷிங்டனில் நடத்திய பட்டினி ஊர்வலத்தைப் பற்றிச் செய்தி சேகரிக்கப் போனார். நடந்தவர்களில் கத்தோலிக்கக் கொடி ஒன்றுகூட இல்லை. அங்கே மரியன்னை பேராலயத்தில் அழுது ஜெபித்துவிட்டு ஊர் திரும்பினால், வீட்டில் அழுக்குக் கோட்டோடு ஒரு பிரெஞ்சுக்காரர் காத்திருந்தார். பீட்டர் மொரேன். டோரத்தியைவிட இருபது வயது பெரியவர். விவசாயக் குடும்பம், ஏராளமான உடன்பிறப்புகள், கையில் காசு கிடையாது, வாய் நிறையத் திட்டம். இருவரும் சேர்ந்து 1933 மே நாளில் யூனியன் சதுக்கத்தில் 'கத்தோலிக்கத் தொழிலாளி' பத்திரிகையின் முதல் இதழை விற்றார்கள். 2,500 பிரதிகள், அச்சுச் செலவு 57 டாலர், விலை ஒரு சென்ட். அந்த விலையை அவர் கடைசிவரை ஏற்றவே இல்லை.

பத்திரிகையில் எழுதினால் போதாது, வீடில்லாதவர்களுக்குக் கதவைத் திறக்க வேண்டும் என்றார் மொரேன். கதவைத் திறந்தவர் டோரத்தி. சூப்பும் ரொட்டியும் கேட்டுத் தெருக்கோடிவரை வரிசை நின்றது. தாமாருக்கு அப்போது ஏழு வயது. அதுவரை அவளுக்கு மட்டும் சொந்தமாயிருந்த அம்மா அன்றிலிருந்து எல்லாருக்கும் அம்மா. குடிகாரர்கள், மனநிலை குலைந்தவர்கள், துறவிகள், எழுத்தாளர்கள், போலீஸ் தேடுகிறவர்கள் என்று இத்தனை பேர் நடுவில் அந்தப் பெண் வளர்ந்தாள். டோரத்தி பேருந்தில் ஊர் ஊராகப் பேசப் போனார். தாமார் விடுதிப் பள்ளிகளிலும் நண்பர்கள் வீடுகளிலும் இருந்தாள். செடி, ஆடு, கோழி, நூல் நூற்பது, தறி நெய்வது இவைதான் அவளுக்குப் பிடித்தவை. கூச்ச சுபாவம். புத்தகமும் பேச்சும் நிறைந்த அந்த வீட்டில் தான் படிக்காதவள் என்ற எண்ணம் அவளுக்கு வெகுகாலம் இருந்தது.

டோரத்திக்கு இது தெரியாமல் இல்லை. 1943-இல் ஒரு வருடம் எல்லாப் பொறுப்புகளிலிருந்தும் விலகியிருக்கப்போவதாக அறிவித்துவிட்டு, தாமார் படித்த விவசாயப் பள்ளிக்குப் பக்கத்தில் போய்த் தங்கினார். அந்த வருடம் முழுதாக முடியவில்லை, திரும்பி வந்துவிட்டார். 1944 ஏப்ரலில், பதினெட்டு வயது நிறைந்ததும், தாமார் இயக்கத்தில் இருந்த டேவிட் ஹென்னசியை மணந்தார்.

'நிலத்துக்குத் திரும்புவோம்' என்பது மொரேனின் கனவு. தொழிற்சாலை மனிதனைக் கெடுக்கிறது, சிறு பண்ணையில் உழைத்து, படித்து, ஜெபித்து வாழலாம் என்று அவர் பேசினார். இளைஞர்கள் கிறங்கினார்கள். பண்ணையில் மண்வெட்டியைப் பிடித்தவர்களைவிட மண்வெட்டியைப் பற்றி விவாதித்தவர்கள் அதிகம் என்பது அந்த இயக்கத்துக்குள்ளேயே பழைய கிண்டல். தாமார் அந்தக் கனவை நிஜமாகவே வாழ்ந்து பார்த்தவர். மேற்கு வர்ஜீனியாவில் குழாய்த் தண்ணீர் இல்லாத வீடு. விறகடுப்பு, வருடம் தப்பாமல் பிரசவம், மலைபோல் துணி. 1948-இல் மூன்றாவது குழந்தை பிறந்த சமயம் டோரத்தி மாதக்கணக்கில் அங்கே தங்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, அடுப்பெரித்து, துணி துவைத்தார். அந்த வருடக் குறிப்புகள் 'யாத்திரையில்' என்ற பெயரில் நூலாகவும் வந்தன. சமூகவியலில் 'பராமரிப்பு உழைப்பு' என்று ஒரு பாடம் படிக்கிறோம் அல்லவா, அந்தப் பாடத்துக்கு இந்தக் குறிப்புகளை வைக்கலாம். தேசத்தையே எதிர்த்து எழுதிய ஒரு பெண், சளி பிடித்த பேரக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இந்த வேலைக்கு முடிவே இல்லையே என்று எழுதுகிறார். வறுமையைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது டோரத்திக்கு ஒரு விரதம். ஆனால் தாமாருக்கு அது தேர்வாக வரவில்லை. அம்மா எடுத்த விரதத்தை மகள் அனுபவித்தாள் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். டோரத்தியை நேசிப்பவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போகிறார்கள்.

தாமாருக்கு மொத்தம் ஒன்பது குழந்தைகள். 1957-இல் குடும்பம் வெர்மான்ட் மாநிலத்துக்குக் குடிபோனது. 1960-களின் தொடக்கத்தில் கணவர் பிரிந்து போனார். தாமார் செவிலியர் உதவிப் பணிக்குப் பயிற்சி எடுத்து, சம்பாதித்துப் பிள்ளைகளை ஆளாக்கினார். பாட்டி நியூயார்க்கிலிருந்து பேருந்தில் வருவார், பைநிறையப் புத்தகமும் யாரோ இயக்கத்துக்குக் கொடுத்த பழைய துணிகளும் கொண்டுவருவார். பேரப்பிள்ளைகளுக்கு அவர் போராளி கிடையாது, கிரான்னி.

இதற்கு நடுவில்தான் நாம் பாடத்தில் படிக்கும் போராட்டங்களும் நடந்தன. எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை. நம்மைத் தொடும் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, நிறம். பத்திரிகையின் முதல் இதழ்களின் தலைப்புப் படத்தில் இருந்த இரண்டு தொழிலாளிகளும் வெள்ளையர்கள். சிகாகோவைச் சேர்ந்த ஆர்தர் ஃபால்ஸ் என்ற கறுப்பின மருத்துவர், ஒருவரைக் கறுப்பராக்குங்கள் என்று எழுதினார். டோரத்தி வாதம் செய்யவில்லை, படத்தை மாற்றினார். ஃபால்ஸ் பிறகு சிகாகோவில் இயக்கத்தின் கிளையையே தொடங்கினார். ஓவியர் ஆடா பெத்யூன் 1935-இல் வரைந்த தலைப்புப் படத்தில் கறுப்பரும் வெள்ளையரும் கைகுலுக்க நடுவில் கிறிஸ்து நின்றார். பெண் அந்தப் படத்துக்குள் வர 1985 ஆனது, அப்போது டோரத்தி உயிரோடு இல்லை. 1957-இல் ஜார்ஜியா மாநிலத்தின் கொய்னோனியா என்ற பண்ணையில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாழ்ந்ததற்காக நிறவெறியர்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஐம்பத்தொன்பது வயதில் டோரத்தி அங்கே போய் இரவுக் காவலுக்கு உட்கார்ந்தார். அவர் இருந்த வண்டியின் மீதும் குண்டு பாய்ந்தது. ஆனாலும் அவருடைய இயக்கம் பெரும்பாலும் வெள்ளையர்களின் இயக்கமாகவே இருந்தது. வறுமையைத் தானாக ஏற்றுக்கொள்வோம் என்ற அழைப்பு, வறுமையைப் பிறப்பிலேயே திணிக்கப்பட்டவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும்? இந்தக் கேள்வியை அவரிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு.

இன்னொன்று, கல்லறை. 1949-இல் நியூயார்க் மறைமாவட்டத்துக்குச் சொந்தமான கால்வரி கல்லறைத் தோட்டத்தில் குழிவெட்டுவோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். வாரம் ஆறு நாள் வேலையை ஐந்து நாளாக்குங்கள், சம்பளத்தைக் கூட்டுங்கள் என்பதே கோரிக்கை. கர்தினால் ஸ்பெல்மன் அதைக் கம்யூனிஸ்ட் சதி என்றார். குருமட மாணவர்களைக் கூட்டிவந்து குழிவெட்ட வைத்து வேலைநிறுத்தத்தை உடைத்தார். டோரத்தி கர்தினாலுக்கு மரியாதையோடும் கண்டிப்போடும் கடிதம் எழுதினார். இயக்கத்தினர் தொழிலாளிகளோடு மறியலில் நின்றார்கள், அவர்கள் குடும்பங்களுக்குச் சோறு போட்டார்கள். கடைசியில் சிறிய சம்பள உயர்வோடு தொழிலாளிகள் பணிய வேண்டியதாயிற்று. குழிவெட்டும் வேலை நம்மூரில் யார் தலையில் கட்டப்பட்டது என்பதையோ, திருச்சி மேலப்புதூர் கல்லறைச் சுவரைப் பற்றியோ இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திருச்சபைக்குள்ளேயே இருந்துகொண்டு திருச்சபையின் வாசலில் மறியல் செய்யலாம் என்பதற்கு டோரத்தி ஒரு முன்னுதாரணம். 1951-இல் பத்திரிகையின் பெயரிலிருந்து 'கத்தோலிக்க' என்ற சொல்லை எடுங்கள், இல்லாவிட்டால் நிறுத்துங்கள் என்று மறைமாவட்டத்திலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பணிவாகப் பதில் எழுதினார், பெயரை மாற்றவில்லை.

பணத்திலும் அவர் அப்படித்தான். சுரங்க ரயிலுக்காக இயக்கத்தின் வீட்டை நியூயார்க் நகராட்சி எடுத்துக்கொண்டு இழப்பீடு தந்தது, தாமதத்துக்கு வட்டியும் சேர்த்து. 1960-இல் அந்த வட்டித் தொகையான 3,579 டாலர் 39 சென்டை நகராட்சிக்கே திருப்பி அனுப்பினார். வட்டி வாங்குவது பாவம் என்பது பழைய திருச்சபைப் போதனை. அதை நிஜமாகவே நம்பிய கத்தோலிக்கர் அந்த ஊரில் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார். வெர்மான்டில் ஒன்பது பிள்ளைகளோடு திண்டாடிய மகளுக்கு அந்தத் தொகை என்னவாக இருந்திருக்கும் என்ற யோசனையும் எனக்கு வராமல் இல்லை.

அதே காலத்தில் நடந்த இன்னொன்று. முப்பது வருடங்களுக்கு முன் பிரிந்த ஃபார்ஸ்டர் உதவி கேட்டு வந்தார். அவரோடு வாழ்ந்துவந்த நேனட் என்ற பெண்ணுக்குப் புற்றுநோய். டோரத்தி அவர்கள் வீட்டுக்கு நாள்தோறும் போய் அந்தப் பெண்ணைக் குளிப்பாட்டி, பக்கத்தில் இருந்து கவனித்துக்கொண்டார். 1960 தொடக்கத்தில் நேனட் இறந்தார். இறப்பதற்குச் சற்று முன் அவரே கேட்டு ஞானஸ்நானம் பெற்றார்.

எந்தக் குழந்தைக்காக டோரத்தி திருச்சபைக்கு வந்தாரோ, அந்தத் தாமார் நடுவயதில் திருச்சபையை விட்டு விலகினார். பேரப்பிள்ளைகளும் அநேகமாகப் பூசைக்குப் போவதை நிறுத்தினார்கள். பேரன் ஒருவர் வியட்நாம் போருக்கே போனார், பாட்டி போரை எதிர்த்துக் கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில். டோரத்திக்கு வலித்தது. ஆனாலும் வற்புறுத்தவில்லை, போவதையும் வருவதையும் நிறுத்தவில்லை. விசுவாசத்தைப் பற்றி உலகத்துக்கே எழுதியவர் வீட்டில் அதைப் பற்றி அதிகம் பேசாமலிருக்கக் கற்றுக்கொண்டார். வயதான காலத்தில் அம்மாவும் மகளும் பேசிக்கொண்டது தோட்டத்தையும் தறியையும் பிள்ளைகளையும் பற்றித்தான்.

1980 நவம்பர் 29 மாலை, நியூயார்க்கில் ஆதரவற்ற பெண்களுக்காக இயக்கம் நடத்திய மேரிஹவுஸில் டோரத்தி இறந்தார். பக்கத்தில் தாமார் இருந்தார். பைன் மரச் சவப்பெட்டியைப் பேரப்பிள்ளைகள் சுமந்தார்கள். கோயில் வாசலில் கர்தினால் குக் பெட்டியை மந்திரித்தார். ஃபார்ஸ்டரும் வந்திருந்தார். உடல் அடக்கமானது ஸ்டேட்டன் தீவில், அவர்கள் மூவரும் குடும்பமாக வாழ்ந்த அந்தக் கடற்கரைக்குப் பக்கத்தில்.

2000-இல் ரோம் அவரை 'இறை ஊழியர்' என்று அறிவித்து, புனிதர் பட்ட வேலையைத் தொடங்க அனுமதித்தது. 2021-இல் நியூயார்க் மறைமாவட்டம் பெட்டி பெட்டியாகச் சாட்சியங்களை ரோமுக்கு அனுப்பியது. ஒரு காலத்தில் பெயரை மாற்றச் சொன்ன அதே மறைமாவட்டம்தான். கருக்கலைப்பு செய்து மனம் வருந்தித் திரும்பிய பாவி என்ற கதை அவர்களுக்கு வசதியாக இருக்கிறது. குழிவெட்டுவோர் மறியலில் நின்றவர் என்ற கதை அவ்வளவு வசதியானதல்ல. இதற்கு ஆகும் பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்தால் பாட்டி சந்தோஷப்பட்டிருப்பார் என்று குடும்பத்துக்குள்ளேயே குரல் எழுந்தது.

தாமார் 2008-இல் இறந்தார். கடைசி மகள் கேட் ஹென்னசி 2017-இல் அம்மாவையும் பாட்டியையும் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். புனிதரின் வரலாற்றில் அதுவரை ஓரமாக நின்ற தாமார் அதில்தான் நடுவில் வருகிறார். இன்னொரு பேத்தி மார்த்தா ஹென்னசி வெகுகாலம் விலகியிருந்து பிறகு திருச்சபைக்கும் பாட்டியின் இயக்கத்துக்கும் திரும்பியவர். 2018 ஏப்ரல் 4, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு ஐம்பது வருடம் நிறைந்த இரவு, வேறு ஆறு பேரோடு ஜார்ஜியாவின் கிங்ஸ் பே அணு ஆயுத நீர்மூழ்கிக் கப்பல் தளத்துக்குள் நுழைந்து எதிர்ப்புத் தெரிவித்தார். பத்து மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அப்போது மார்த்தாவுக்கும் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள்.